லிப் பாம் உருகுது, திட்டாகுது, எரியுது: திருகோணமலை வெயிலில் எங்கே பார்ப்பது, என்ன செய்வது

மினுக்கமும் மெல்லிய நிறமும் சேர்ந்த லிப் பாம் பற்றி வரும் முறைப்பாடுகள் சுற்றிச் சுற்றிப் பத்துத்தான். கீழே ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு போகும் காரணம் பிறகு, டொக்டர் கடைசியில். உங்கள் தலைப்புக்கு நேரே போங்கள்.

எரிச்சல், புண், மணம் தவிர மற்றத் தலைப்புகளுக்கெல்லாம் பொதுவான சோதனை ஒன்று இருக்கிறது. புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், பூசும் அளவைப் பாதியாக்கி இரண்டு நாள் பாருங்கள். கீழ் உதட்டில் ஒரே ஒரு இழுப்பு, பிறகு இரண்டு உதட்டையும் ஒத்தி எடுத்தால் மேல் உதட்டுக்குப் போதும். மினுக்கம் காணாது என்று நாலு இழுப்பு இழுத்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாமும் வழியத்தான் செய்யும்.

## “பாம் உருகுது, வியர்க்குது, குச்சி சாயுது”

முதலில் வைக்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியிலா, காரின் டாஷ்போர்டிலா, ஜன்னல் ஓரமா? வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வெயிலோடு எஞ்சின் சூடும் சேரும். கைப்பையின் நடுவே, தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள். காற்சட்டைப் பொக்கெற் வேண்டாம், உடம்புச் சூடே குச்சியை இளக்கிவிடும்.

குச்சியில் எண்ணெய் முத்து முத்தாக நின்றால் பாம் கெட்டுவிட்டதென்று எறிய வேண்டாம். வெப்பத்தில் எண்ணெய் மேலே கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். டிசுவால் ஒற்றி எடுத்து, மூடி, பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் 20 நிமிடம் வையுங்கள். பிரீசர் வேண்டாம், குச்சி சுருங்கி அடியில் கழன்றுவிடும். பூசும்போது இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் திருகி உயர்த்தாதீர்கள். இந்த ஊரில் குச்சி முறிவதற்கு அரைவாசிக் காரணம் அதிகம் உயர்த்துவதுதான்.

முறிந்துவிட்டால், அல்லது சிமிழில் உள்ளது மணல் மணலாக இறுகிவிட்டால்: ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, கொதித்து இறக்கிய வெந்நீரில் கிண்ணத்தை நிறுத்தி உருக்குங்கள். ஒரு துளி தண்ணீரும் உள்ளே விழக்கூடாது. உருகியதும் சுத்தமான, காய்ந்த சிமிழில் ஊற்றி உடனே பிரிஜ்ஜில் வையுங்கள். மெதுவாக ஆறினால் பாமில் உள்ள ஷியா பட்டர் (ஒரு கொட்டைக் கொழுப்பு) மறுபடி மணலாகும், வேகமாக ஆறினால் வழவழப்பாக இறுகும். எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு அளவு) போட்ட பாமை மட்டும் இப்படி உருக்க வேண்டாம். வெயில் காக்கும் பொருள் சமனாகக் கலந்து நிற்குமென்று சொல்ல முடியாது.

கவனமாக வைத்தும் உருகினால் பாமின் சேர்மானம்தான் காரணம். லேபலில் எந்தப் பொருள் அதிகமோ அது முதலில் வரும். முதல் நாலைந்து பெயருக்குள் தேன்மெழுகு, கண்டெலில்லா மெழுகு, கார்னோபா மெழுகு, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு என்று ஏதாவது இருந்தால் குச்சி நிற்கும். மெழுகு பின்னால் கிடந்து, ஆமணக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொக்கோ பட்டரும் முன்னால் நின்றால் அது குளிர்நாட்டுக்குச் செய்த சரக்கு. தேங்காயெண்ணெய் 24 பாகையிலும் கொக்கோ பட்டர் 34 முதல் 38 பாகையிலும் உருகும். தேன்மெழுகுக்கு 62 வேண்டும், கார்னோபாவுக்கு 80ஐத் தாண்ட வேண்டும். மே தொடக்கம் கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) அடிக்கும் மாதங்களில் எண்ணெய் கூடிய பாமைக் குச்சியாக வாங்காமல் ரியூப்பிலோ சிமிழிலோ வாங்குங்கள். அங்கே இளகினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

வீட்டில் செய்தது உருகினால் மெழுகு காணாது. எடைக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு எண்ணெய் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. இங்கே ஒன்றுக்கு இரண்டரை, கச்சான் காலத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று வையுங்கள். பீற்றூட் சாறு சேர்க்கச் சொல்வதைக் கேட்காதீர்கள். சாறு எண்ணெயோடு சேராது, அடியில் சிவப்புத் துளியாகத் தங்கும், தண்ணீர் இருப்பதால் சில நாளில் பூஞ்சணமும் பிடிக்கும். பீற்றூட் தூளும் எண்ணெயில் கரையாது, உதட்டில் நறநறக்கும். நிறம் வேண்டுமென்றால் நீங்கள் பாவிக்கும் லிப்ஸ்டிக்கில் ஒரு பயறளவு வெட்டி, 10 கிராம் பாமோடு உருக்கிக் கலக்குங்கள். அதில் நிறமி ஏற்கெனவே எண்ணெயில் அரைபட்டு இருப்பதால் திட்டில்லாமல் பரவும்.

## “நிறம் திட்டுத் திட்டா நிக்குது”

உலர்ந்த தோல். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். மெல்லிய துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்து உதட்டில் இரண்டு நிமிடம் வைத்து, அதே துணியால் சிறு வட்டமாகத் துடையுங்கள். வரும் தோல் வரட்டும், வராததைப் பல்லால் கடித்து இழுக்காதீர்கள். சீனியும் தேனும் போட்டுத் தேய்ப்பதானால் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், அதுவும் சீனியை நன்றாகப் பொடித்து. வெடித்த உதட்டில் சீனி வேண்டவே வேண்டாம்.

அவசரம். நிறமில்லாத பாம் அல்லது வஸ்லினைப் பூசிய கையோடு நிறப் பாமைப் பூசினால் அது வழுக்கி ஒரு மூலையில் சேரும். ஐந்து நிமிடம் விட்டு, டிசுவால் ஒரு தடவை ஒற்றிவிட்டுப் பிறகு பூசுங்கள்.

பூசியதும் நிறம் மாறும் பாமா? குச்சி பச்சையாகவோ தெளிவாகவோ இருக்கும், உதட்டில் ரோசாவாகும். லேபலில் சி.ஐ. (நிறங்களுக்கான இலக்கம்) 45410 அல்லது சி.ஐ. 45380 என்று இருந்தால் அந்த வகைதான். இந்தச் சாயம் தோலிலேயே ஊறிப் பிடிக்கும். உலர்ந்த இடத்தில் கூடுதலாக ஏறுவதால், பாமைத் துடைத்தாலும் திட்டுப் போகாது. பஞ்சில் தேங்காயெண்ணெய் நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் துடையுங்கள். ஒரே தடவையில் முழுதாகப் போகாது. அடுத்த தடவை தோலை மிருதுவாக்கிய பிறகே பூசுங்கள். யாருக்குப் பூசினாலும் ஏறக்குறைய ஒரே பளீர் ரோசாதான் வரும். “உங்கள் உதட்டுக்கேற்ற தனி நிறம்” என்று பெட்டியில் போட்டிருப்பதை அந்த அளவுக்கே நம்புங்கள்.

## “கறுத்த சொண்டில நிறம் தெரியேல்ல”

இது கோளாறே இல்லை, தெரிவு பிழை. நிற பாம் என்பது கண்ணாடிப் பேப்பர் மாதிரி, அடியில் இருக்கும் நிறத்தோடு சேர்ந்துதான் தெரியும். வெளிர் ரோசாவும் பீச்சும் நம் உதட்டில் ஒன்றில் காணாமல் போகும், இல்லாவிட்டால் சாம்பல் பூத்ததுபோல நிற்கும். சாம்பல் பூப்பதற்குக் காரணம் அதிலுள்ள வெள்ளை நிறமி, லேபலில் சி.ஐ. 77891 என்று இருக்கும். நாவற்பழ நிறம், செங்கல் நிறம், கறுவாப்பட்டைப் பழுப்பு, கடும் ரோசா: இவை நிற்கும். மேல் உதடு கறுப்பாகவும் கீழ் உதடு ரோசாவாகவும் உள்ளவர்கள் (நம்மில் நிறையப் பேர்) மேல் உதட்டின் கறுப்புக்குக் கிட்டிய நிறத்தை எடுத்துக் கீழ் உதட்டுக்கு மட்டும் பூசினால் இரண்டும் சமனாகும்.

கடையில் சோதிப்பதை மணிக்கட்டில் செய்யாதீர்கள், விரல் நுனியின் உட்பக்கச் சதையில் செய்யுங்கள். உதட்டு நிறத்துக்குக் கிட்ட வருவது அதுதான். பிறகு விரலோடு கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பேன்ஸி கடைகளின் வெள்ளை பல்புக்குக் கீழே செங்கல் நிறம்கூட ரோசாவாகத் தெரியும். சோதனைக்கு வைத்திருக்கும் குச்சியை நேரே உதட்டில் வைக்கவே கூடாது. முன்னால் பூசியவருக்குச் சொண்டுக் கொப்புளம் இருந்ததா என்று உங்களுக்குத் தெரியாது.

மரக்கறி மட்டும் சாப்பிடுவோரும் ஹலால் பார்ப்போரும் சி.ஐ. 75470 அல்லது கார்மைன் இருக்கிறதா என்று பாருங்கள். அது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. மண்நிறச் சிவப்புத் தரும் சி.ஐ. 77491 இரும்பு ஒக்சைட், அதில் அந்தச் சிக்கல் இல்லை.

உதட்டை வெளுப்பாக்கும் என்று விற்கும் சிமிழ்களைத் தொடாதீர்கள். சேர்மானம் அச்சிடாத சிமிழ் என்றால் இன்னும் தூரம் நில்லுங்கள்.

## “கோட்டைத் தாண்டி வழியுது, பல்லிலயும் ஒட்டுது”

அளவு கூடிவிட்டது. பாமை நடுவில் வைத்து விரலால் வெளியே பரப்பி, உதட்டு ஓரத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் முன்னால் நிறுத்துங்கள். உடம்புச் சூட்டில் அதுவே மிச்சத் தூரம் போய்ச்சேரும். வாயைச் சுற்றி மெல்லிய கோடுகள் உள்ளவர்கள் ஓரத்தில் சிறிது முகப் பவுடர் தட்டலாம், அல்லது அதே நிற உதட்டுப் பென்சிலால் கோடிடலாம். பல்லுக்கு: சுத்தமான விரலை வாயில் வைத்து உதட்டை மூடி வெளியே இழுங்கள், உட்பக்கத்து மிச்சம் விரலோடு வரும்.

## “தலைமயிரும் மணலும் வந்து ஒட்டுது”

என்.சி. வீதியால் உப்புவெளிக்கு ஸ்கூட்டியில் போகிறவர்களுக்குத் தெரிந்த தொல்லை. காசில்லாத வழி, போய் இறங்கிப் பூசுவது. அது சரிவராவிட்டால் லேபலில் பொலிபியூட்டீன் முன்னால் இருக்கிறதா பாருங்கள். கண்ணாடி மினுக்கத்தையும் ஒட்டும் தன்மையையும் சேர்த்துத் தருவது அதுதான். கடற்கரைக்கும் பயணத்துக்கும் மெழுகுக் குச்சி, வீட்டு விசேஷத்துக்கு ரியூப் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மணல் ஒட்டிவிட்டால் உதட்டை ஒன்றோடொன்று உரசாமல், எண்ணெய் தொட்ட டிசுவால் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள்.

## “தேத்தண்ணி குடிச்ச உடனே போயிடுது”

போகத்தான் செய்யும். சூடும் எண்ணெயும் பட்டால் எந்தப் பாமும் நிற்காது. பொரித்த மீனுக்கும் கொத்துக்கும் முன்னால் துடைத்துவிட்டுச் சாப்பிடுவது மேல். நிறமாவது நிற்க வேண்டுமென்றால், தண்ணீர் போன்ற உதட்டுச் சாயத்தை முதலில் வெறும் உதட்டில் பூசி ஒரு நிமிடம் காயவிட்டு, மேலே மெல்லியதாகப் பாம் பூசுங்கள். வரிசை மாறினால் சாயம் பிடிக்காது. சாயம் தனியே உதட்டைக் காயவைக்கும், அதனால் தினமும் வேண்டாம்.

## “பூசப் பூசக் காயுது”

அதிகம் பேர் காசை வீணாக்குவது இந்த இடத்தில்தான்: காய்கிறது என்று இன்னொன்று, அதுவும் காய்கிறது என்று மூன்றாவது. வாங்குவதை நிறுத்திவிட்டு, வரிசையாகப் பாருங்கள்.

நக்குகிறீர்களா? கச்சான் வீசும் நாட்களில் தெரியாமலே நாக்கு வெளியே வரும். எச்சில் காயும்போது உதட்டு ஈரத்தையும் கொண்டுபோகும். வாயைச் சுற்றித் தெளிவான சிவப்பு வளையம் இருந்தால், அதுவும் பிள்ளைகளுக்கு என்றால், வேறு காரணம் தேடவே தேவையில்லை. வாசனையும் இனிப்பும் உள்ள பாமை மாற்றுங்கள், ருசி இருந்தால் நாக்கு நிற்காது.

குளிர்ச்சியாக இருக்கிறதா? மெந்தோல், கற்பூரம், புதினா எண்ணெய், கறுவா எண்ணெய் பூசியதும் சுகமாக இருக்கும், அரை மணியில் இழுக்கும், மறுபடி பூசச் சொல்லும். வெடித்த உதட்டுக்கு இவை ஆகாது.

பற்பசை. நுரை கூடிய, காரமான புதினாப் பற்பசை உதட்டோரத்தை அரிக்கும். பல் துலக்கும் முன் உதட்டில் வஸ்லின் பூசிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரிந்தால் காரமில்லாத பற்பசைக்கு மாறுங்கள்.

வெயில். நிலாவெளியில் படகேறிப் புறாத்தீவுக்குப் போய்வந்த மறுநாள் கீழ் உதடு மட்டும் உரிந்தால் அது வெயில் சுட்டது. மினுக்கப் பாமில் எஸ்.பி.எஃப் போட்டிராவிட்டால் அது வெயிலுக்குக் காப்பில்லை. கடலுக்கோ, பகலில் கோணேசர் கோவில் ஏறவோ போகும்போது எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ளதைப் பூசி, இரண்டு மணிக்கொருமுறை திரும்பப் பூசுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறினாலும், வாய் துடைத்தாலும் உடனே பூசுங்கள். நிறம் வேண்டுமென்றால் அதற்கு மேலே.

மருந்து. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குளிசை எடுப்பவர்களுக்கு உதடு காயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், தந்த டொக்டரிடம் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் இரண்டு வாரச் சோதனை. எல்லா நிறத்தையும் நிறுத்தி, வாசனையில்லாத வெள்ளை பெற்றோலியம் ஜெலி மட்டும், சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும். உதடு தேறினால் பாம்தான் காரணம். தேறாவிட்டால் பாமின் மேல் குற்றமில்லை, டொக்டரைப் பாருங்கள்.

## “எரியுது, கடிக்குது, வீங்குது”

நாக்கு, கண்ணிமை, தொண்டை வீங்கினால், மூச்சு இழுத்தால் மிச்சத்தை வாசிக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை.

உதடு மட்டும் என்றால் பாமை எண்ணெய்ப் பஞ்சால் துடைத்து, குளிர்ந்த நீரில் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு பெற்றோலியம் ஜெலி மட்டும். பாமசியில் கேட்டு வாங்கிய ஸ்டீரொயிட் கிறீமை நீங்களாகப் பூசாதீர்கள். இரண்டு நாள் அடங்கினதுபோல இருந்து, பிறகு வாயைச் சுற்றிச் சிறு பருக்களாக வெடிக்கும்.

பாமைப் பழி சொல்லுமுன் மாம்பழத்தை நினைத்துப் பாருங்கள். தோலோடு கடித்தாலும், காம்புப் பால் வாயோரத்தில் பட்டாலும், ஒன்றிரண்டு நாள் கழித்து உதடு கடித்துக் கொப்பளிக்கும். மாம்பழக் காலத்தில் வரும் “பாம் ஒத்துக்கொள்ளவில்லை” என்ற கதைகளில் சில இதுதான். தோல் சீவி, வெட்டிச் சாப்பிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பாம்தான் என்றால் சந்தேகப்பட வேண்டியவை: வாசனைப் பொருள், கறுவா, புதினா, லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு), புரொபொலிஸ் (தேனீப் பிசின்), ஆமணக்கெண்ணெய், நிறம் மாறும் சாயங்கள், சில வெயில் காப்புப் பொருட்கள். இவற்றில் எதுவென்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. பொருள் ஒத்துவருமா என்று மட்டும் பார்க்கலாம்: உதடு முழுதாக ஆறிய பிறகு, முழங்கையின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில் காலை மாலை ஏழு நாள் பூசுங்கள். சிவந்தால் எறியுங்கள். சிவக்காவிட்டாலும் உதட்டில் முதல் நாள் கொஞ்சமாகப் பூசிப் பாருங்கள், கைத் தோலும் உதட்டுத் தோலும் ஒன்றல்ல.

இரண்டு வாரமாகியும் அடங்காவிட்டால், அல்லது ஒவ்வொரு புதுப் பாமுக்கும் இதே கதை என்றால், மாவட்டப் பொது வைத்தியசாலை ஓ.பி.டியில் காட்டித் தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். பாவித்த எல்லாவற்றையும் பெட்டியோடு கொண்டுபோங்கள், பற்பசை உட்பட. வெறும் கையோடு போனால் டொக்டருக்கும் ஊகம்தான்.

## “கடைவாயில வெடிப்பு, கொப்புளம், ஆறாத புண்”

இங்கே பாம் மாற்றிப் பயனில்லை.

கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்து, வாய் திறக்க வலித்தால் பூஞ்சணத் தொற்று, இரும்புச் சத்துக் குறைவு, பி வைற்றமின் குறைவு, பொருந்தாத கட்டுப்பல், நீரிழிவு என்று காரணம் பல. ஒரு வாரம் பெற்றோலியம் ஜெலி பூசியும் மாறாவிட்டால் டொக்டர்.

முதலில் குறுகுறுத்து, பிறகு ஒரே இடத்தில் சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அது ஹேர்பீஸ் வைரஸ். மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கொப்புளத்தில் தேய்த்த குச்சியை எறிந்துவிடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், கைக்குழந்தையைக் கொஞ்சாதீர்கள்.

கீழ் உதட்டில் வெள்ளையாகவோ சொரசொரப்பாகவோ ஒரு திட்டு, உரிந்து உரிந்து அதே இடத்தில் வருவது, தொட்டால் தடிப்பாக இருப்பது, இரண்டு வாரத்தைத் தாண்டியும் ஆறாத புண்: நிறத்தால் மூடி மறைக்காமல் காட்டுங்கள். கடலிலும் வயலிலும் வெயிலில் நிற்பவர்களும், வெற்றிலை பாக்கு, புகையிலை போடுபவர்களும் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். பல் கிளினிக்கிலும் காட்டலாம், வலியில்லை என்பதால் பயமில்லை என்று அர்த்தமில்லை.

## “மணம் மாறிட்டுது”

பழைய எண்ணெய் மணமோ கிரேயோன் மணமோ வந்தால், சிமிழில் கறுப்புப் புள்ளியோ பஞ்சோ தெரிந்தால், நேரே குப்பைக்கு. மூடி திறந்த சிறு டப்பாப் படத்துக்குள் 6எம், 12எம் என்று போட்டிருப்பது திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது. திறந்த திகதியைப் பேனையால் அடியில் எழுதி வையுங்கள். விரல் விட்டு எடுக்கும் சிமிழ் குச்சியைவிடச் சீக்கிரம் கெடும். காதுப் பஞ்சுக் குச்சியால் எடுத்தால் கொஞ்சம் தாங்கும்.

திறந்த அன்றே மணம் பிழையென்றால் பற்றுச்சீட்டோடு கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். காலாவதித் திகதி அழிக்கப்பட்டிருந்தாலோ, ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, பெட்டியையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.